லினக்ஸ் போட்டாயிற்று, அடுத்து என்ன? நிரல் எழுத வருபவருக்கு ஒரு வழிகாட்டி

போன மாதம் ஊரிலிருந்து ஒரு தம்பி ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் டெர்மினல் (கட்டளைகளை அடிக்கும் சாளரம்), பின்னால் பனிமலை, இடது ஓரத்தில் நியோஃபெட்ச் என்ற நிரல் வரைந்து காட்டும் சின்னம், அதற்குப் பக்கத்தில் ரேம் இத்தனை, கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) இன்னது என்ற பட்டியல். "எப்டிண்ணா இருக்கு?" என்று கேட்டிருந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. லினக்ஸ் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் அவன் எழுதிய நிரல் ஒரு வரிகூட இல்லை.

(நியோஃபெட்ச்சை எழுதியவரே 2024இல் அதை மூடி வைத்துவிட்டார், விவசாயத்துக்குப் போய்விட்டதாகத் தன் பக்கத்தில் ஒரு வரி போட்டதோடு சரி. ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை.)

அவனுக்குப் போனில் சொன்னதைத்தான், இன்னும் லினக்ஸ் போடாதவருக்காக நிறுவுவதிலிருந்தே தொடங்கி, இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். என் கணக்குப்படி, நிரல் எழுதுவதற்கு ஏற்ற லினக்ஸ் சூழலை அமைப்பது ஒரு சனி, ஞாயிறு வேலை. திங்கட்கிழமை காலையிலும் நிறம் மாற்றிக்கொண்டிருந்தால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு தப்பில்லை, அதை வேலைக் கணக்கில் எழுதாதவரை.

கட்டளைகளை வாயால் சொல்லும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்றால் மூன்று சொல், நடுவில் இடைவெளி, எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. 'ஹைஃபன்' என்று வந்தால் சின்னக் கோடு.

எந்த லினக்ஸ்?

லினக்ஸ் பல வகையாக வருவதால் இந்தக் கேள்வியிலேயே மாதக் கணக்கில் நின்றுவிட்டவர்கள் உண்டு. நான் சொல்வது: லினக்ஸ் மிண்ட் போடுங்கள். பழகிய பிறகு வேறு எதற்கு வேண்டுமானாலும் போங்கள்.

மிண்ட் 2006இல் தொடங்கியது. உபுண்டுவின் மேல் கட்டப்படுவது. உபுண்டுவோ டெபியனின் மேல் நிற்பது. அதனால் உபுண்டுவுக்கு என்று யாரோ எழுதிவைத்த தீர்வு பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும். புதியவருக்கு இதுதான் பெரிய லாபம். மிண்ட் 22 வரிசை உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஃபெடோராவும் நல்லதுதான். ஆனால் ஆறு மாதத்துக்கொரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆயுள். கற்றுக்கொள்ளும் முதல் ஆண்டில் தரை நகராமல் இருப்பது நல்லது.

8 ஜிபி ரேம் இருந்தால் மிண்ட்டின் சின்னமன் பதிப்பு. 4 ஜிபிதான் என்றால் அதைவிட இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மிண்ட்காரர்கள் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் போதும் என்கிறார்கள். அது டெஸ்க்டாப் எழுந்து நிற்பதற்கான கணக்கு. எடிட்டர், உலாவியில் பத்து டேப், பின்னால் ஒரு டேட்டாபேஸ் என்று ஓடும்போது 8 ஜிபியே சில நேரம் மூச்சு வாங்கும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, பழைய ப்ராசசர்களை ஏற்பதில்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்கள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, உள்ளே சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு மாற்றம் தரும் வேகத்தை நான் கீழே சொல்லப்போகும் எந்த அமைப்பும் தராது.

தமிழ்நாட்டு அரசு 2011 தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் நினைவிருக்கலாம். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. எங்களில் பலர் லினக்ஸ் என்ற சொல்லை முதலில் பார்த்தது அந்த பூட் மெனுவில்தான். பார்த்த வேகத்தில் கீழம்புக் குறியை அழுத்தி விண்டோஸுக்குப் போய்விட்டோம் என்பது வேறு விஷயம்.

நிறுவும் முன்

முதலில் படங்கள், சான்றிதழ்கள், ப்ராஜெக்ட்கள் எல்லாவற்றையும் வெளியே ஒரு வன்தட்டில் நகலெடுங்கள். எடுத்த பிறகு அந்த வன்தட்டைப் பிடுங்கி அலமாரியில் வையுங்கள். பிடுங்குவது முக்கியம். நிறுவும்போது திரையில் தட்டுகளின் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஒரே எழுத்து வித்தியாசத்தில் வரும். ராத்திரி பதினொன்றரை மணிக்கு எஸ்டிபியைத் தேர்ந்தெடுத்து, அக்கா கல்யாண வீடியோ இருந்த வன்தட்டைத் துடைத்தவன் நான். அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மூன்று வேலை. ஒன்று, பிட்லாக்கர் (தட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியைக் குறித்து வையுங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பூட் அமைப்பில் கை வைத்தால் விண்டோஸ் 48 இலக்க எண்ணைக் கேட்கும். இரண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, பாதி தூக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்று, லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி எடுங்கள். 100 ஜிபி விடுங்கள். பின்னால் போடப்போகும் டாக்கரும் (நிரல்களைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) நோட் பொதிகளும் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கானவை) இடத்தை விழுங்கும்.

மிண்ட்டை நிறுவ அதன் தளத்திலிருந்து இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு சுமார் 3 ஜிபி. இறக்கியதும் அதன் எஸ்ஹெச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' என்ற கட்டளை அதைக் கணக்கிட்டுத் தரும். பலர் இதைத் தாண்டிப் போவார்கள். பிறகு நிறுவல் பாதியில் நின்றால் லேப்டாப்பைத் திட்டுவார்கள். குறை பாதியில் அறுந்த டவுன்லோடில் இருக்கும். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற கருவியைக் கொண்டு அதை 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள்.

பென்டிரைவில் இருந்து எழுப்பியதும் உடனே நிறுவாதீர்கள். அதிலேயே ஓடும் மிண்ட்டில் கால் மணி நேரம் உலாவுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா? வைஃபை பிடிக்கவில்லை என்றால் கலங்க வேண்டாம். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கைப் போடுங்கள், ஏறக்குறைய எல்லா நேரமும் இணையம் வந்துவிடும். அதை வைத்து வைஃபைக்கான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

லேப்டாப்பைப் பேருந்தில், ரயிலில் தூக்கிக்கொண்டு அலைபவர் என்றால் நிறுவும்போதே தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் தேர்வைச் சொடுக்குங்கள். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் யாராலும் திறக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

நிறுவி முடித்து உள்ளே வந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டெர்மினல் திறக்கும். 'சூடோ ஆப்ட் அப்டேட்', அது முடிந்ததும் 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள், ஆப்ட் மென்பொருள்களை நிறுவும் கருவி. முதலாவது எந்த மென்பொருளையும் புதுப்பிக்காது. கடையில் என்ன சரக்கு வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வாங்கி வரும். சரக்கை இறக்குவது இரண்டாவது. கடவுச்சொல் கேட்கும்போது மிண்ட்டில் நட்சத்திரக் குறிகள் தெரியும். நாளை ஏதாவது சர்வரில் நுழைந்தால் திரையில் எதுவும் அசையாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைக்காமல் அடித்து என்டர் தட்டுங்கள்.

அடுத்து டிரைவர் மேனேஜர். என்விடியா கார்டு இருந்தால் அது பரிந்துரைக்கும் டிரைவரைப் போட்டு மறுபடி துவக்குங்கள். என்விடியா தளத்தில் இருந்து தனியாக இறக்கிப் போடும் ஆசை வரும். வேண்டாம், அடுத்த கெர்னல் புதுப்பித்தலில் திரை கறுத்துப்போக வாய்ப்பு உண்டு.

அடுத்து டைம்ஷிஃப்ட். மிண்ட்டிலேயே இருக்கிறது. தினம் ஒன்றாக மூன்று நகல், வாரம் ஒன்றாக இரண்டு நகல் என்று வைத்துவிடுங்கள். எதையாவது உடைத்துக்கொண்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் இது இயங்குதளத்தின் நகல் மட்டுமே. உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அது வழக்கமாகத் தொடாது. அழிந்துபோன ப்ராஜெக்ட்டை டைம்ஷிஃப்ட்டில் தேடி ஏமாந்தவர்கள் நிறைய.

விண்டோஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில் ஒரு வேடிக்கை நடக்கும். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாகப் பார்க்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் பார்க்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அந்த இடைவெளி 5.30. 'டைம்டேட்சிடிஎல் செட் ஹைஃபன் லோக்கல் ஹைஃபன் ஆர்டிசி 1' என்று ஒரு தடவை அடித்தால் சண்டை தீர்ந்தது.

டெஸ்க்டாப்பில் தொட வேண்டியவை

குறைவாகத் தொடுங்கள். விண்டோஸ் சின்னம் போட்ட விசைக்கு இங்கே சூப்பர் என்று பெயர். அதை அழுத்தி நிரலின் பெயரில் இரண்டு எழுத்து அடித்து என்டர். ஐகானைத் தேடி மவுஸை நகர்த்தும் பழக்கம் ஒரு வாரத்தில் போய்விடும். சூப்பரோடு இடது அல்லது வலது அம்பு, சாளரம் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும்.

பணியிடங்கள் என்ற வசதிதான் டெஸ்க்டாப்பில் உண்மையான பலன். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு இடது வலது அம்புகள். எடிட்டர் முதலாவதில், உலாவி இரண்டாவதில், டெர்மினல் மூன்றாவதில், அரட்டை நான்காவதில். இந்த இடங்களை மாற்றவே மாற்றாதீர்கள். சமையலறையில் உப்பு டப்பா எங்கே என்று யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும்.

விசைப்பலகை அமைப்பில் லேஅவுட், அதில் ஆப்ஷன்ஸ் என்று போய் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றுங்கள். இடது சுண்டுவிரல் உங்களுக்கு நன்றி சொல்லும். இனி டெர்மினலில் நிறைய கன்ட்ரோல் அழுத்தப்போகிறீர்கள்.

இன்னொன்று. லினக்ஸில் நகலெடுக்கும் இடம் இரண்டு. மவுஸால் தேர்ந்தெடுத்த உடனேயே ஒன்று நகலாகிவிடும். மவுஸின் நடுப் பொத்தானை அழுத்தினால் அது ஒட்டப்படும். கன்ட்ரோல் சி, வி வேறு கணக்கு. பழகினால் வசதி. தெரியாமல் டெர்மினல் மேல் நடுப் பொத்தான் பட்டுவிட்டால், எங்கோ தேர்ந்தெடுத்திருந்த பத்து வரி அங்கே கட்டளையாக ஓடத் தொடங்கலாம்.

தமிழ்

'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ் ஹைஃபன் எம்17என்' என்று நிறுவி, வெளியேறி மறுபடி நுழைந்து, ஐபஸ் (பிற மொழிகளில் தட்டச்சிட உதவும் கருவி) அமைப்பில் தமிழ்99 விசைப்பலகை முறையைச் சேருங்கள். விசைப்பலகைப் பட்டியலிலேயே தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது வெறும் எழுத்துகளை இடம் மாற்றி வைப்பது. தமிழ்99இன் அழகே, க இரண்டு தடவை அடித்தால் 'க்க' என்று தானாகப் புள்ளி விழுவதும், ங அடித்துக் க அடித்தால் 'ங்க' ஆவதும். அந்த அறிவு ஐபஸ் வழியாகத்தான் முழுதாகக் கிடைக்கும். அம்மா, அப்பா என்று ஒலிபெயர்த்து அடித்துப் பழகியவருக்கு அதற்கான முறையும் அங்கேயே உண்டு.

டெர்மினலுக்குள் மட்டும் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம் என்று கணக்குப் போடும் பழைய உலகம். நம் 'கொ'வோ க ஒரு பக்கம், கொம்பும் காலும் இரு பக்கம் என்று விரிவது. குறிகள் இடம் மாறித் தெரியும். கோப்பு கெடவில்லை, எடிட்டரில் திறந்தால் சரியாக இருக்கும்.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்கள் கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பயன்படுத்தத் தொடங்கியதும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. 'கிட் ஸ்டேட்டஸ்' அடித்தால் பெயருக்குப் பதில் 340, 256 என்று சாய்கோடுகளும் எண்களுமாக வரும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் எழுத்து, துணைக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அவற்றைக் கிட் எட்டடிமான (ஆக்டல்) எண்களாக எழுதிக் காட்டுகிறது. 'கிட் கன்ஃபிக் ஹைஃபன் ஹைஃபன் குளோபல் கோர் டாட் கோட்பாத் ஃபால்ஸ்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால் தமிழ்ப் பெயர் தமிழ்ப் பெயராகவே வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

டெர்மினல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஆனால் எதில் செலவழிப்பது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். இஸட்ஷெல், ஃபிஷ் போன்ற வேறு ஷெல்கள் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்கள்), ஓ-மை-இஸட்ஷெல், வண்ண வண்ண ப்ராம்ப்ட் என்று முதல் நாளே போக வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் பாஷ் போதும். 1989இல் க்னூ திட்டத்துக்காக எழுதப்பட்டது. நீங்கள் நாளை நுழையப்போகும் சர்வர்களில் பெரும்பாலும் இதுதான் காத்திருக்கும். இதில் கை பழகினால் எல்லா இடத்திலும் வேலைக்கு ஆகும்.

முதல் வாரம் ஐந்து விசைகள் மட்டும். கன்ட்ரோல் ஏ வரியின் தொடக்கத்துக்கு, கன்ட்ரோல் இ முடிவுக்கு. கன்ட்ரோல் டபிள்யூ ஒரு சொல்லை அழிக்கும், கன்ட்ரோல் யு கர்சருக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும். ஆல்ட்டோடு முற்றுப்புள்ளி, முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவந்து தரும். இந்தக் கடைசி ஒன்றைக் கற்றுக்கொடுத்தபோதுதான் அந்தத் தம்பி முதல் தடவையாக "அட" என்றான். ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிவிட்டு, அதற்குள் போக 'சிடி' என்று அடித்து ஆல்ட் முற்றுப்புள்ளி. நீளமான பெயரை இரண்டாம் முறை அடிக்க வேண்டியதில்லை. 'சிடி ஹைஃபன்' என்றால் முன்பு இருந்த ஃபோல்டருக்குத் திரும்பலாம்.

நகலெடுக்கக் கன்ட்ரோல் சி அழுத்தாதீர்கள். இங்கே அது ஓடும் நிரலை நிறுத்துவது. நகலுக்கு ஷிஃப்ட்டும் சேர வேண்டும். பழக்கதோஷத்தில் சேமிப்பதற்காகக் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் டெர்மினல் உறைந்து நிற்கும். மூடித் திறக்க வேண்டாம், கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் உயிர் வரும். 'கிட் லாக்' அல்லது 'மேன்' என்ற உதவிப் பக்கம் பார்த்துவிட்டு வெளியே வர வழி தெரியாமல் நிற்பவருக்கு: க்யூ ஒன்றே போதும். விம் எடிட்டருக்குள் விழுந்துவிட்டால் எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர்.

இனி வரலாறு. பாஷ் நீங்கள் அடித்த கட்டளைகளை எல்லாம் எழுதி வைக்கிறது. உங்களுக்கே உங்களுக்கான குறிப்பேடு அது. ஆனால் வரும்போது 1000 கட்டளைகளை நினைவிலும் 2000 வரிகளைக் கோப்பிலும் வைத்துக்கொள்ளும்படிதான் அமைத்திருப்பார்கள். ஹோம் ஃபோல்டரில் 'டாட் பாஷ்ஆர்சி' என்ற கோப்பைத் திறந்து, ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் இரண்டையும் 100000 ஆக்குங்கள். ஆறு மாதம் முன்பு ஒரு சான்றிதழைப் புதுப்பிக்க என்ன அடித்தோம் என்று ஒரு நாள் தேடுவீர்கள். அன்று இது கைகொடுக்கும். கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்தால் அது வரலாற்றில் ஏறாது; ரகசியச் சாவி எதையாவது அடிக்க நேர்ந்தால் அப்படி அடியுங்கள்.

தேடுவதற்குக் கன்ட்ரோல் ஆர். அதை இன்னும் கூர்மையாக்க 'எஃப்இசட்எஃப்' நிறுவுங்கள். நிறுவினால் மட்டும் கன்ட்ரோல் ஆர் மாறாது, இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். யுஎஸ்ஆர், ஷேர், டாக், எஃப்இசட்எஃப், எக்சாம்பிள்ஸ் என்ற வரிசையில் உள்ளே போனால் 'கீ ஹைஃபன் பைண்டிங்ஸ் டாட் பாஷ்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதை 'சோர்ஸ்' செய்யும் (சேர்த்துப் படிக்கச் சொல்லும்) ஒரு வரியைப் பாஷ்ஆர்சியின் கடைசியில் சேருங்கள். பிறகு கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் பழைய கட்டளைகள் பட்டியலாக விரியும். நினைவில் இருக்கும் இரண்டு துண்டுகளை எந்த வரிசையில் அடித்தாலும் பிடித்துவிடும்.

எதையும் நிறுவாமல் கிடைக்கும் இன்னொரு வசதி, இடிசி ஃபோல்டரில் 'இன்புட்ஆர்சி' என்ற கோப்பில் ஒளிந்திருக்கிறது. பேஜ் அப், பேஜ் டவுன் கொண்டு வரலாற்றைத் தேடும் இரண்டு வரிகளை எழுதி, முன்னால் ஹாஷ் எனப்படும் எண் குறியைப் போட்டு ஊமையாக்கி வைத்திருப்பார்கள். அந்தக் குறியை எடுத்துவிட்டுப் புது டெர்மினல் திறங்கள். 'டாக்கர்' என்று அடித்துப் பேஜ் அப் அழுத்தினால் டாக்கரில் தொடங்கிய கட்டளைகள் மட்டும் வரும்.

சேர்த்து நிறுவ வேண்டியவை சில. கோப்புகளுக்குள் சொல்லைத் தேட ரிப்கிரெப். அழைப்பது 'ஆர்ஜி' என்று. 2016இல் வந்தது, கிட் ஒதுக்கச் சொன்ன ஃபோல்டர்களைத் தானாகவே ஒதுக்கிவிட்டுத் தேடும் என்பதால் நோட் மாட்யூல்ஸ் குப்பைக்குள் போய்ச் சிக்காது. கோப்புப் பெயரைத் தேட 'எஃப்டி'. டெபியன் உலகில் அந்தப் பெயர் வேறு நிரலுக்குப் போய்விட்டதால் 'எஃப்டிஃபைண்ட்' என்று அடிக்க வேண்டும். அதேபோல் கோப்பை வண்ணத்தில் காட்டும் 'பேட்' என்பது இங்கே 'பேட்கேட்'. இடத்தை எது தின்கிறது என்று பார்க்க 'என்சிடியு'. கட்டளையின் உதவிப் பக்கம் புரியவில்லை என்றால் 'டிஎல்டிஆர்', எடுத்துக்காட்டுகளை மட்டும் காட்டும்.

டிமக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே டெர்மினலைப் பல கட்டங்களாகப் பிரிக்கும் கருவி என்று அதை அறிமுகப்படுத்துவார்கள். அதற்கு மட்டும் என்றால் தேவையே இல்லை, டேப் போதும். அதன் பலன் சர்வரில். சர்வருக்குள் நுழைந்ததும் 'டிமக்ஸ்' அடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாதியில் வீட்டு இணையம் போனாலும் கரண்ட் போனாலும் அங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடத்திலேயே நிற்கும். உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும் டிமக்ஸ், லேப்டாப் அணைந்தால் சேர்ந்துதான் அணையும். அதை மட்டும் மறக்க வேண்டாம்.

பைத்தான், நோட், டாக்கர்

இயங்குதளத்தோடு வரும் பைத்தான் உங்களுடையது இல்லை. மிண்ட் 22இல் பைத்தான் 3.12 இருக்கும், அப்டேட் மேனேஜர் உட்பட மிண்ட்டின் பல கருவிகள் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 'வேறு பதிப்பு வேண்டும், இதை நீக்கிவிடலாம்' என்று ஆப்ட் கொண்டு நீக்கினேன் ஒரு காலத்தில். என்னென்ன சேர்ந்து போகும் என்று அது ஒரு நீளப் பட்டியல் காட்டியது. படிக்காமல் ஒய் அடித்தேன். மறுபடி துவக்கியபோது கறுப்புத் திரையும் துடிக்கும் கர்சரும்தான் மிச்சம்.

இப்போது பைத்தான் பொதி எதையாவது போட 'பிப் இன்ஸ்டால்' என்று நேராக அடித்தால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி மறுத்துவிடும். அதைத் தாண்ட ஒரு தேர்வு உண்டு. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. பெயர் வைத்தவர் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் 'பைத்தான்3 ஹைஃபன் எம் வென்வ் டாட்வென்வ்' என்று தனிச் சூழல் உருவாக்குங்கள். அதற்கு முன் 'பைத்தான்3 ஹைஃபன் வென்வ்' பொதியை ஆப்ட் கொண்டு போட வேண்டியிருக்கும். கட்டளையாக மட்டும் பயன்படும் பைத்தான் கருவிகளுக்குப் 'பிப்எக்ஸ்'.

நோட் கதை வேறு. ஆப்ட் தருவது நோட் 18. அதன் ஆயுள் 2025 ஏப்ரலோடு முடிந்தது. நோட் பதிப்புகளை மாற்றித் தரும் 'என்விஎம்' நிறுவி அதன் வழியாக எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பை எடுங்கள். நோட் பொதிகளை நிறுவும் 'என்பிஎம்'முக்கு முன்னால் சூடோ போட வேண்டிய நிலை வந்தால் எங்கோ தவறாகப் போகிறீர்கள்.

டாக்கரை இறக்க அதன் அதிகாரபூர்வக் களஞ்சியத்தை (ஆப்ட் மென்பொருள் எடுக்கும் இடம்) சேர்க்கும்போது மிண்ட்காரர்களுக்கு ஒரு பொறி. உங்கள் பதிப்பின் பெயர் வில்மா, சியா என்பது போல ஏதாவது இருக்கும். டாக்கர் களஞ்சியத்துக்கு அந்தப் பெயர் தெரியாது. அதற்கு உபுண்டு 24.04இன் பெயரான 'நோபிள்' வேண்டும். கோப்பில் அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும். பிறகு உங்கள் பெயரை டாக்கர் குழுவில் சேர்ப்பீர்கள், சூடோ இல்லாமல் ஓட்டுவதற்காக. அந்தக் குழுவில் இருப்பதும் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் வைத்திருப்பதும் ஒன்றுதான் என்று தெரிந்தே சேருங்கள்.

ஏதாவது ஓடவில்லை என்றால் 'சிஹெச்மாட் 777' (கோப்பை யார் வேண்டுமானாலும் மாற்றும்படி திறந்துவிடும் கட்டளை) போடச் சொல்லும் பதில்கள் கண்ணில் படும். அந்தப் பதிலை மூடிவிட்டு வேறு பதிலைத் தேடுங்கள்.

கிட், எடிட்டர்

கிட்டில் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்ததும் 'எஸ்எஸ்ஹெச் ஹைஃபன் கீஜென் ஹைஃபன் டி ஈடி25519' அடித்து ஒரு சாவி உருவாக்குங்கள். கிட் ப்ராஜெக்ட்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 2021 ஆகஸ்ட்டிலேயே கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திவிட்டது, சாவி கட்டாயம் போலத்தான். இரண்டு கோப்புகள் உருவாகும். 'டாட் பப்' என்று முடிவதை மட்டும் கிட்ஹப்பில் ஒட்டுங்கள். மற்றது லேப்டாப்பை விட்டு நகரக்கூடாது.

எடிட்டர் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே எது பழக்கமோ அது. விஎஸ் கோட் என்றால் டெப் கோப்பாக இறக்கிப் போடுங்கள், புதுப்பித்தல் ஆப்ட் வழியாகவே வரும். கமிட் செய்தி (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு) எழுதக் கிட் நானோ என்ற எடிட்டரைத் திறக்கும். கன்ட்ரோல் ஓ சேமிக்க, கன்ட்ரோல் எக்ஸ் வெளியேற. விம் கற்க ஆசை இருந்தால் அதை ஆப்ட் கொண்டு நிறுவி, 'விம்டியூட்டர்' அடித்து அரை மணி நேரம் உட்காருங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு விம்முக்கு மாறும் முடிவை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

கடைசி வேலை, ஞாயிறு சாயங்காலம்

இவ்வளவு நேரம் மாற்றியது எல்லாம் புள்ளியில் தொடங்கும் சில கோப்புகளில் உட்கார்ந்திருக்கிறது. கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் ஹெச் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும். பாஷ்ஆர்சி, கிட்கன்ஃபிக், டிமக்ஸ் அமைப்பு, நிறுவிய பொதிகளின் பட்டியல் இவற்றை 'டாட்ஃபைல்ஸ்' என்று ஒரு ஃபோல்டரில் சேர்த்து, கிட்டில் ஏற்றுங்கள். 'க்னூ ஸ்டோ' என்ற சின்னக் கருவி அங்கிருந்து ஹோமுக்கு இணைப்புகளைப் போட்டுத் தரும். லேப்டாப் போனாலும் புது மெஷினில் அரை மணி நேரத்தில் பழைய வீட்டுக்கே வந்துவிடலாம்.

ஏற்றும் முன் ஒரு தடவை பாருங்கள். டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர் தப்பித் தவறி உள்ளே வந்துவிட்டதா, பாஷ்ஆர்சியில் ஏதாவது ஏபிஐ சாவி (இணையச் சேவைக்கான ரகசியச் சாவி) எழுதி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதை 'டாட் சீக்ரெட்ஸ்' என்று தனிக் கோப்புக்கு மாற்றி, கிட் ஒதுக்க வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் அதன் பெயரை எழுதிவிட்டு, அதன் பிறகு புஷ் செய்யுங்கள் (இணையத்தில் ஏற்றுங்கள்). ஒரு முறை புஷ் ஆன சாவியை அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அப்படி நடந்துவிட்டால் சாவியையே ரத்து செய்து புதிதாக வாங்குவதுதான் வழி.